தனித்தனி மார்க்

கடத்தூர் பால் சங்கத்தில் பால் அளக்கும் ரோசம்மாளும், ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மலர்விழியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வினாடி வினா என்றால் இருவரும்தான் அணி. படிப்பு முடிந்த பிறகும் பொங்கல் விழாப் போட்டிகளில் ஒருத்தி இல்லாமல் மற்றவள் மேடை ஏறியதில்லை.

அந்தப் போட்டிகளில் ரோசம்மாளுக்கு உயிர் என்றால் குறிப்புச் சுற்றுதான். ஒவ்வொன்றாகக் குறிப்பு தருவார்கள். முதல் குறிப்பிலேயே சொன்னால் முழு மார்க். போகப் போகக் குறையும். ஒருமுறை ஏரியூரில், "நந்தி மலையில் பிறந்தேன், நான் யார்?" என்று கேட்டார்கள். மற்ற அணிகள் யாரோ சாமியார் என்று யோசித்துக்கொண்டிருந்தன.

"நந்தி மலை பெங்களூருக்கு அந்தப் பக்கம்டி" என்று காதில் ஓதினாள் மலர்விழி.

"அப்ப ஆறுதான். தென்பெண்ணை!" என்று கத்திவிட்டாள் ரோசம்மாள்.

ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது. பஸ்ஸில் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பதில் யாருடையது என்ற பேச்சே வரவில்லை.

போன மாதம் தர்மபுரியில் ஒரு மகளிர் அமைப்பு போட்டி வைத்தது. மலர்விழிதான் போன் செய்து இழுத்தாள். மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் ரோசம்மாளுக்குப் பழைய படபடப்பு வந்துவிட்டது. ஆனால் மேடையில் அணிகள் உட்காரும் பெஞ்சும் இல்லை, அடிக்கும் மணியும் இல்லை.

போட்டியை நடத்திய கல்லூரி ஆசிரியை எழிலரசி மைக்கில் சொன்னார்: "அவங்கவங்க செல்போன்ல நாலு விடை வரும். சரியானதைத் தொடணும். சீக்கிரம் தொட்டா மார்க் அதிகம். பக்கத்துல பேசக் கூடாதுங்க."

'காவிரியின் துணையாறு அல்லாதது எது?' என்று வந்தது. முதலிலேயே பவானி இருந்தது. ரோசம்மாள் சட்டென்று தொட்டாள். தவறு என்று சிவப்பு விழுந்தது. 'அல்லாதது' என்ற சொல்லை அவள் பார்க்கவே இல்லை; வைகை கடைசியில் கிடந்தது. அதன்பிறகு பயந்து பயந்து படித்தாள். படித்து முடிப்பதற்குள் கேள்வி போய்விட்டது.

முடிந்ததும் நேராக எழிலரசியிடம் போனாள்.

"ஏங்க மேடம், பதில் தெரியுமான்னு பாக்கறீங்களா, கண்ணு தெரியுமான்னு பாக்கறீங்களா?"

எழிலரசி கோபப்படவில்லை. "இவ்வளவு பேரு வந்திருக்காங்கக்கா. மேடையில நாலு டீம ஏத்திட்டா மத்தவங்க வேடிக்கைதான பாக்கணும்? இதுல எல்லாருமே ஆடறாங்க."

முதல்முறை வந்த பெண்கள் ஒருவருக்கொருவர் போனைக் காட்டிச் சிரிப்பதை ரோசம்மாளும் பார்த்தாள். அப்போது திரையில் மார்க் வரிசை ஓடியது. மலர்விழி ஏழாவது. ரோசம்மாள் எண்பத்து மூன்றாவது.

மதியம் பந்தியில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னடி, தோத்ததுக்கா இப்படி?" என்றாள் மலர்விழி.

"தோத்தா போவுது. நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு அதிகம் தெரியும்னு இத்தன வருசமா நான் நெனச்சே பாக்கல. இன்னிக்கு அத்தன பேர் முன்னால போட்டுக் காட்டிட்டாங்க."

"நான் வேலை பாக்கற கம்பெனியில அடிக்கடி இந்த மாதிரி வெப்பாங்கடி. கை பழகிப் போச்சு. பாதி குத்துமதிப்புதான்."

அது நிஜமா, சமாதானமா என்று ரோசம்மாளுக்குத் தெரியவில்லை. மலர்விழி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "உன்ன கேக்காம தொடறது எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நடுவுல உன் பக்கம் திரும்புனேன். நீ கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு செல்போன மொறச்சிக்கிட்டு இருந்த."

ரோசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபடி, வந்த கேள்விகளையெல்லாம் இருவரும் மறுபடி அலசினார்கள். பேச்சில் ஓசூர் பஸ் இரண்டு போய்விட்டன. அடுத்ததில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த மலர்விழி, "மறுபடி வெச்சா வருவியாடி?" என்று கேட்டாள்.

"ஜோடியா விட்டா வரேன்."

வண்டி நகர்ந்தது. அது திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, ரோசம்மாள் கடத்தூர் பஸ்ஸைத் தேடிப் போனாள்.