மரியாதைக்கு நடந்த நடை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது போன் வந்தது. "செல்வி அக்கா காலையில இறந்துட்டாங்க. மாரடைப்பு." ஏற வேண்டிய குன்னம் பஸ் கிளம்பிப் போயிற்று. நான் ஏறவில்லை.

எங்கள் குழுவின் பிசியோதெரபிஸ்ட் அவர். பக்கவாதம் வந்து தேறியவர்கள் விழுவதற்கு முன்பே தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்க, கணுக்காலில் கட்டும் சென்சார் செய்துகொண்டிருந்தோம். நல்ல நடை எதுவென்று கருவிக்குக் கற்றுத்தர, ஊர்க்காரர்களை எங்கள் அறைக்கு வரவழைத்து இரண்டு மாதம் நடக்கவைத்தேன். பதிவுகள் சுத்தமாக இருந்தன. எனக்குப் பெருமை.

பிறகு குன்னத்தில் ஒரு வெங்காயக் காட்டில் சோதித்தோம். கால் நன்றாக இருந்த ஆறு பெண்களில் ஐந்து பேருக்குத் தடுமாற்றம் என்றது கருவி. நான் சென்சாரைத் தட்டினேன், காட்டைத் திட்டினேன். அக்கா சிரித்தார்.

"தம்பி, உங்க ரூமுக்கு வந்தவங்க வாசல்லயே செருப்பக் கழட்டிட்டாங்க. நீங்க லேப்டாப்போட மொறைச்சிக்கிட்டு நிக்கிறீங்க. யாரு கை வீசி நடப்பா? கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போற மாதிரி நடந்தாங்க. அதத்தான் நல்ல நடைன்னு கத்துக் குடுத்திருக்கீங்க. காட்டுல வீசி நடந்தா அதுக்குத் தப்பாத் தெரியுது."

"சாரப் பாத்தா எனக்கே கால் பின்னுதுங்க" என்றார் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி எடுங்க" என்றார் அக்கா.

"உங்க வேலைய மட்டும் பாருங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் பொறுத்துக்கொண்டார் என்று எழுத மாட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வந்து சொன்னார்: "தேறி வர்றவங்கள விழுந்துருவீங்கன்னு பயமுறுத்திப் படுக்க வச்சிராதீங்க தம்பி. படுத்துட்டா அப்பறம் அந்தக் கால் வராது."

அழித்தேன். மறுபடி எடுத்தோம், அவரவர் வீட்டிலும் காட்டிலும். அக்கா பேச்சுக் கொடுத்தபடி கூடவே நடப்பார். என்னை மட்டும் வண்டியிலேயே உட்காரவைத்துவிடுவார்: "நீங்க கண்ணுல படாம இருங்க, போதும்." கருவி சரியாகச் சொல்லத் தொடங்கியது. அவர் சொன்னதுதான் சரி என்று நான் அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. வேலை அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று சாக்குச் சொல்ல முடியாது.

அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியது அவரிடம் கற்ற ஒரு பழக்கம். நேற்று கல்லங்குறிச்சியில், பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ஓர் அம்மாவுக்குச் சென்சாரைக் கட்டிவிட்டு, மகளைத் துணைக்கு நிறுத்திவிட்டு வெளியே நடந்தேன்.

"பாக்காமயே போறீங்களே சார்?" என்றார் அந்த அம்மா.

"நீங்க ஒங்க வேலையப் பாருங்கம்மா."

சுவருக்கு இந்தப்பக்கம் நின்றேன். பிறகு கோழியை வைதபடி, காலை இழுத்து இழுத்து, ஆனால் வேகமாக அவர் போவது கேட்டது.