அம்சவல்லி கை வைத்துப் பார்த்த வெந்நீர்

அம்சவல்லிக்கு அந்த வேலை கிடைத்ததே அவளுடைய தோள் பலத்தால்தான். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில், பாவாடை கட்டிய வயதிலிருந்து நெல் அவித்தவள் அவள். தொட்டியில் வெந்து ஆவி பறக்கும் நெல்லைக் கூடையில் வாரி, களத்தில் கொட்டி, சூடு ஆறும் முன்பே கையால் பரப்பிவிடுவாள். ஆலைக்காரர் நெல் அவிப்பதை நிறுத்திவிட்டு மாவு மிஷின் போட்டதும், அங்கே பெண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அது 1991ஆம் வருடம். அதே சமயத்தில் ஒரகடத்தில் அன்னபுஷ்பம் அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் வலது காலும் உணர்ச்சியற்று விழுந்துவிட்டன. மகன் ரிச்சர்ட், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். மருமகள் மெர்சி பள்ளிக்கூட டீச்சர். பகலில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கவும், குளிப்பாட்டவும், கஞ்சி ஊட்டவும் ஆள் தேவைப்பட்டது. பலசாலியான ஒரு பெண்ணைத் தேடினார்கள். வல்லக்கோட்டையிலிருந்து அம்சவல்லி வந்தாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரே ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போனார். எப்படிப் புரட்டுவது, கஞ்சி புரையேறாமல் இருக்கத் தலைக்கு எவ்வளவு உயரம் கொடுப்பது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று அம்சவல்லி கவனமாகக் கற்றுக்கொண்டாள். அன்னபுஷ்பத்தின் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட விழவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பேச்சும் போய்விட்டதால் அன்னபுஷ்பத்துக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. "வேணாம்." கஞ்சி கொடுத்தாலும் வேணாம். கஞ்சியைக் குடித்துக்கொண்டே இன்னொரு வேணாம். பேத்தி முத்தம் கொடுத்தால் சிரித்தபடி ஒரு வேணாம். நாளாக ஆக, வீட்டில் யாரும் அந்த வார்த்தையைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"ஏ அம்சா, அது நெல்லு மூட்ட இல்லடி, மெதுவா தூக்கு!" என்று பக்கத்து வீட்டுக் கங்கா ஜன்னல் வழியாகக் கிண்டல் செய்வாள்.

"மூட்ட தேவலக்கா. சும்மா வரும். இந்தம்மா வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே வருது" என்பாள் அம்சவல்லி. அன்னபுஷ்பமும் ஒரு பக்க வாயால் சிரிப்பார்.

கார்த்திகை மாத மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் ஃபாதர் வீட்டுக்கே வந்து அன்னபுஷ்பத்துக்கு நற்கருணை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் குளிப்பாட்டிப் புதுச்சேலை கட்ட வேண்டும். சாலையில் தண்ணீர் நின்றதால் பஸ் தாமதம். அம்சவல்லி நனைந்தபடி ஓடி வந்தாள். அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வாளியில் மொண்டு, அவசரத்தில் கொஞ்சமே பச்சைத் தண்ணீர் கலந்து, எப்போதும்போல உள்ளங்கையை விட்டுப் பார்த்தாள். இதமாக இருந்தது. குளிருக்கு நல்லதென்று அன்னபுஷ்பத்தை நாற்காலியில் உட்கார வைத்து, வெந்நீரை ஒரு பேசினில் ஊற்றி, விழுந்துபோன வலது காலை முதலில் அதில் வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடது காலை வைத்தாள்.

"வேணாம்!" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார் அன்னபுஷ்பம்.

"கொழந்த மாதிரி பண்ணாதம்மா. ஃபாதரு வர்ற நேரம்."

"வேணாம்! வேணாம்!"

அம்சவல்லி காலைப் பிடித்து மறுபடியும் தண்ணீருக்குள் வைத்தாள். அன்னபுஷ்பம் இடது கையால் அவள் கன்னத்தில் ஓங்கி அடித்தார். அதுவரை அவர் யாரையும் அடித்ததில்லை. திகைத்துப்போன அம்சவல்லி குனிந்து பார்த்தாள். பேசினில் அசையாமல் கிடந்த வலது பாதம் நெருப்பாய்ச் சிவந்திருந்தது. தூக்கி வெளியே எடுப்பதற்குள் விரல்களுக்கு மேலே தோல் உப்பியது.

சத்தம் கேட்டு மெர்சி ஓடி வந்தாள். காலில் தடவ இட்லி மாவை எடுக்கப் போன அம்சவல்லியைத் தடுத்து, பச்சைத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"கை வெச்சுப் பாக்காமலா ஊத்தினீங்க?"

"பாத்தேன் டீச்சரம்மா. சத்தியமா பாத்தேன்."

"பாத்திருந்தா இப்படி ஆகுமா? பொய் சொல்லாதீங்கக்கா."

வாளியில் மீதித் தண்ணீர் இருந்தது. பின்னாலேயே வந்த ரிச்சர்ட் அதில் கையை விட்டான். "அய்யோ!" என்று உடனே உதறினான். அம்சவல்லி தன் உள்ளங்கையை விட்டாள். எடுக்கவில்லை. இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ரிச்சர்ட் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை முழுவதும் செருப்புத் தோல் மாதிரி காய்த்துக் கிடந்தது.

"பொய் இல்ல மெர்சி" என்றான். "இவங்களுக்குச் சூடு தெரியல."

மெர்சியும் அந்த உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சரிக்கா, தெரியாமத்தான் நடந்துச்சு. ஆனா நாளைக்கும் இதே கைதானே?"

டாக்டர் வந்து, கொப்புளத்தை உடைக்காமல் கட்டுப் போட்டார். சர்க்கரை வியாதி இல்லாததால் புண் ஆறிவிடும் என்றார். அம்சவல்லி கிளம்புகிறபோது, "வேற ஆள் கெடைக்குதான்னு பாக்கறோம். நாங்க சொல்லி அனுப்பினப்புறம் வந்தா போதும்" என்றாள் மெர்சி. வேலை போயிற்று என்று அம்சவல்லிக்குப் புரிந்தது. அடி வாங்கிய கன்னத்தைவிட, நல்ல காலை இரண்டாவது முறையும் தண்ணீருக்குள் அழுத்தியதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

சாயங்காலம் வீட்டில் டீ போட்டுப் புருஷன் கன்னியப்பனுக்குக் கொடுத்தாள். அவன் வழக்கம்போல டம்ளரைத் தரையில் வைத்தான்.

"குடியேன். ஆறிப் போவுது."

"ஆறட்டும்னுதான் வெச்சிக்கீறேன். ஒன்னக் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து நான் ஆற வெச்சுத்தான் குடிக்கிறேன். நீ குடுக்கறது டீயா, கொள்ளியா?"

அம்சவல்லி அப்படியே நின்றுவிட்டாள். "இத்தினி நாளா இன்னாத்துக்கு ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னனே. நீ காதுல வாங்குனாத்தான?"

மறுநாள் காலை யாரும் சொல்லி அனுப்பாமலே அவள் ஒரகடம் போனாள். மெர்சி, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, மாமியாரைப் புரட்ட முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு தபா பாருங்க. எனக்குச் சூடு தெரியாது. அவங்களுக்குத் தெரியும். இனிமே அவங்களக் கேட்டுட்டுத்தான் ஊத்துவேன்."

"அவங்க எதைக் கேட்டாலும் வேணாம்னுதானேக்கா சொல்லுவாங்க?"

"வாயக் கேக்கல. கையக் கேக்கறேன்."

வெந்நீர் கலந்து கொண்டுவந்தாள். மெர்சி முதலில் தன் கையை விட்டுப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அம்சவல்லி அன்னபுஷ்பத்தின் இடது கைக்கு அருகில் சொம்பை நீட்டி, "பாருங்கம்மா" என்றாள். அன்னபுஷ்பம் நேற்று நடந்ததை மறக்கவில்லை. சொம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு விரலை நனைத்தார். "வேணாம்" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அம்சவல்லி பச்சைத் தண்ணீர் சேர்த்தாள். மறுபடியும் விரல். மறுபடியும் வேணாம். இன்னும் கொஞ்சம் சேர்த்தாள்.

"இதுக்கு மேல போனா குளிரும்க்கா" என்றாள் மெர்சி.

"அவங்க சொல்லட்டும்."

இந்த முறை அன்னபுஷ்பம் ஐந்து விரல்களையும் உள்ளே விட்டார். "வேணாம்" என்றார். ஆனால் கை தண்ணீரிலேயே இருந்தது. மெர்சி அந்தக் கையைப் பார்த்தபடி நின்றாள்.

"தண்ணி மட்டும் இல்லக்கா, கஞ்சியும் அப்படித்தான்" என்றாள் கடைசியில். "முதல் கரண்டி அவங்க விரல்ல. கட்டுல தண்ணி படாம பாத்துக்குங்க. இந்த வாரம் பூரா நான் பக்கத்துல நிப்பேன்."

"நில்லுங்க டீச்சரம்மா. நின்னாத்தான் எனக்கும் தைரியம்."

அம்சவல்லி கட்டுப் போட்ட காலை ஒரு பலகை மேல் தூக்கி வைத்துவிட்டு, அன்னபுஷ்பத்தின் தோளில் முதல் சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.