ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு

எங்கள் பள்ளியில் ஓட்டப்பந்தயம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே யார் ஜெயித்தார்கள் என்பது முடிவாகிவிடும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சான்றிதழ் எழுதுகிற சிஸ்டருக்கு முத்து முத்தான கையெழுத்து. தங்க மையில், வளைவும் சுழிப்புமாக, ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் அவரால் எழுத முடியாது. விளையாட்டு விழா முடிந்த பிறகு எழுத உட்கார்ந்தால், அன்றைக்கே ஆயர் கையால் கொடுப்பது எப்படி? ஆகவே பெயர்ப்பட்டியல் முன்கூட்டியே அவர் கைக்குப் போய்விட வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணிகள். பெரிய பரிசுகள் ஒவ்வொரு வருஷமும் ஒரு நிறத்துக்கு என்று முறை வைத்திருந்தார்கள். எந்தப் பெற்றோருக்கும் மனக்குறை கிடையாது. கன்னியர் பள்ளி என்றாலே ஒழுங்குதான் என்று ஊரே மெச்சிக்கொள்ளும். அந்த ஒழுங்கின் லட்சணம் இதுதான்.

இந்தக் கூத்துக்கு நடுவே இருபத்திரண்டு வருஷம் பி.டி. டீச்சராகக் குப்பை கொட்டியவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசிலம்மா. குள்ளமான உருவம், வெயிலில் கறுத்துத் தடித்த கழுத்து, அதில் எப்போதும் ஒரு விசில். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். "வீட்ல சோறு போடுறதுக்கும் விசில்தான்" என்று அவர் ஒருமுறை பள்ளி வாசலில் எங்களிடம் சொல்ல, விசிலம்மா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் பேருந்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து, அதுதான் விளையாட்டு அறை. துடைப்பம், பினாயில் டப்பா, அவற்றோடு நாலு பந்து, ஒரு கிழிந்த வலை, உயரம் தாண்டுவதற்கான இரண்டு கம்பங்கள். ஒரு கம்பம் ஆடும். அடியில் அட்டையை மடித்து வைக்க வேண்டும். தாண்டி விழுவதற்குப் பள்ளி விடுதியில் கழித்துக் கட்டிய மெத்தைகள். சின்னப் பிள்ளைகள் எத்தனை வருஷம் படுத்து நனைத்தவையோ, கிட்டே போனாலே மூக்கைப் பொத்த வேண்டும். விசிலம்மா அவற்றை மூன்று மூன்றாகக் கயிற்றால் கட்டி, தானே தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போடுவார். உதவிக்கு யாரும் வந்ததில்லை. நானும் போனதில்லை.

மைதானமாவது அவர் கையில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. முதலில் பேண்டு வாத்தியக் குழு, அடுத்து விருந்தினரை வரவேற்கிற அணிவகுப்பு, அதற்கடுத்து ஜெபமாலைப் பவனி ஒத்திகை. எல்லாம் போக மிச்சம் கிடக்கிற நேரம் பி.டி. அந்த மிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டவள் நான். நான் கணக்கு டீச்சர். "பத்தாம் வகுப்புக்குப் பி.டி. எதுக்கு டீச்சர், இந்த ஒரு பீரியட் எனக்குக் கொடுங்களேன்" என்று நான் அங்கே சேர்ந்ததிலிருந்து ஐந்து வருஷமும் கேட்டிருக்கிறேன். அவர் விசிலை உள்ளங்கையில் வைத்து உருட்டுவார். பிறகு போய்விடுவார்.

பாவாடை முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பள்ளியின் சட்டம், தாண்டும்போதும்தான். விசிலம்மா ஒவ்வொரு பாவாடையையும் நடுவில் தைத்து இரண்டு கால் விட்டுக் கொடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பாவாடை. கிட்டே வந்து பார்க்கிற அளவுக்கு விளையாட்டில் அக்கறை உள்ள சிஸ்டர் யாரும் இல்லாததால் பிழைத்தார்.

பொய்யான சான்றிதழோடு அவர் இத்தனை காலம் எப்படிக் காலம் தள்ளினார் என்று கேட்கலாம். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. உண்மையில் யார் எவ்வளவு தாண்டினார்கள், யார் முதலில் ஓடி வந்தார்கள் என்பது அதில் இருக்கும். மாவட்டப் போட்டிக்கான படிவத்தை அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவர் நிரப்புவார். மேடையில் பொய், படிவத்தில் நிஜம். யாருக்கும் நஷ்டம் இல்லை என்று அவரும் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

புதிய தலைமை சிஸ்டர் வந்து அதையும் கெடுத்தார். "ஒரே ஸ்கூல்ல இருந்து போற ரெண்டு பேப்பர்ல ரெண்டு பேர் இருக்கக் கூடாது" என்று ஓர் உத்தரவு. இனிமேல் மாவட்டப் படிவத்தைச் சான்றிதழ்ப் பட்டியலைப் பார்த்து அலுவலகமே நிரப்பும். ஒரு போட்டிக்கு ஒரு பள்ளியிலிருந்து முதலிடம் வந்த ஒருத்திதான் போக முடியும். அந்த வருஷம் நீலத்தின் முறை. உயரம் தாண்டுதலில் முதல் பரிசு என்று எழுதப்பட்டது பெற்றோர் சங்கத் தலைவரின் மகள் பெயர்.

ஆனால் தாண்டக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். என் வகுப்பு, கடைசி பெஞ்ச், சிவப்பு அணி. எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அப்பா பள்ளிக்குப் பின்தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். பத்தாவதோடு படிப்பு போதும், கடைக்கு வந்து நில் என்று அவர் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு இருந்த ஒரே வழி விளையாட்டு விடுதி. அங்கே இடம் கிடைத்தால் தங்க இடம், சாப்பாடு, மேல்படிப்பு எல்லாம் உண்டு, அப்பாவும் சம்மதித்திருந்தார். அதற்கு மாவட்டப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும். விசிலம்மா அவளை இரண்டு வருஷம் காலை ஆறு மணிக்கு, பேண்டுக் குழு வருவதற்கு முன்னால், அந்த நாறும் மெத்தைமேல் தாண்ட வைத்துக்கொண்டிருந்தார்.

விசிலம்மா தலைமை சிஸ்டரிடம் போனபோது மதிப்பெண் பதிவேட்டோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"சிஸ்டர், மத்ததெல்லாம் உங்க இஷ்டம். உயரம் தாண்டுறதுல மட்டும் யார் தாண்டுறாங்களோ அவங்க பேரைப் போடுங்க. அந்தப் பிள்ளைக்கு இதை விட்டா வேற வழி இல்ல."

"எழுதியாச்சே டீச்சர். தங்க மை. அழிச்சா அசிங்கமா இருக்கும்."

"புதுசா ஒண்ணு எழுதலாம்ல சிஸ்டர்."

"ஒண்ணை மாத்தினா எல்லாரும் வந்து நிப்பாங்க. நீங்க அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க. ஆண்டவர் ஒரு வழி காட்டுவார்."

அசிங்கம் என்று சிஸ்டர் சொன்னது மையைத்தான்.

விழா அன்று டீச்சர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு வேலை. எனக்கு உயரம் தாண்டுதலில் அளவு குறிக்கிற வேலை. தலைவரின் மகள் ஒரு மீட்டர் பத்தில் நின்றுவிட்டாள். நெட்டை ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு தாண்டினாள். கம்பு அசையக்கூட இல்லை. நான்தான் அளந்தேன், நான்தான் எழுதினேன். பிறகு ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். ஒரு மீட்டர் பத்து முதல் படியில் ஏறி நின்றது, ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு இரண்டாம் படியில். ஆயர் இருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதித்தார்.

மறுநாள் தலைமை சிஸ்டர் என் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "மிஸ், இது கொஞ்சம் கசங்கியிருக்கு. மாவட்டப் படிவத்தோட அனுப்பணும், ஒரு ஃபேர் காப்பி எழுதிடுங்க. சான்றிதழைப் பார்த்து எழுதுங்க." எனக்குப் புரியாமல் இல்லை. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேஜை இழுப்பறையில் கையெழுத்துக்குக் கிடந்தது. இரண்டு பெயரையும் இடம் மாற்றி, கோடு போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். விசிலம்மா அந்தத் தாளை அலுவலகத்தில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்களா எழுதினீங்க?"

"ஃபேர் காப்பிதானே டீச்சர் கேட்டாங்க."

"கையெழுத்து நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாவட்டப் போட்டிக்கு இரண்டு டீச்சர்கள் துணைக்குப் போக வேண்டும் என்பது விதி. நானும் விசிலம்மாவும் போனோம். தலைவரின் மகள் வண்டியில் ஏறியதிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். "என்னால முடியாதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன் மிஸ். கேக்க மாட்டேங்கிறார்" என்றாள். அவள்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. நெட்டையையும் விசிலம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார், பை பார்த்துக்கொள்ள என்று சொல்லி.

அங்கே நல்ல மைதானம், புது மெத்தை, ஆடாத கம்பம். போட்டிக்கு முன்னால் எல்லாரும் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீயும் ஒரு தடவை போ" என்றார் விசிலம்மா. நெட்டை பையைக் கீழே வைத்துவிட்டு, ஓடி வந்து தாண்டினாள். கம்பு ஒரு மீட்டர் நாற்பத்தைந்தில் இருந்தது. நடுவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இந்தப் பொண்ணு நம்பர் எங்க?"

"நம்பர் இல்ல சார். பை பார்த்துக்க வந்தவ" என்றார் விசிலம்மா. பிறகு நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொன்னார்.

நடுவர் நல்ல மனிதர். படிவத்தோடு இணைத்திருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். "அளவு குறிச்ச டீச்சர், பேர் மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் சேர்த்துக்கிறேன். யார் அவங்க, வந்திருக்காங்களா?"

விசிலம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நெட்டையும் பார்த்தாள். நடுவர் பேனாவை நீட்டினார்.

நான், "சிஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுறேன் சார்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே கேவலமானது அதுதான். ஓரமாகப் போய் போன் செய்தேன். சிஸ்டர் கோபப்படவில்லை. "ஆயர் கையால கொடுத்ததைப் பொய்னு எழுதிக் கொடுக்கப் போறீங்களா மிஸ்? யோசிச்சுக்குங்க. உங்க லெட்டர்கூட என் முன்னாலதான் இருக்கு" என்றார். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்து முடிப்பதற்குள் விசில் ஊதி, போட்டி தொடங்கிவிட்டது. திரும்பி வந்தபோது நடுவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகியிருந்தார்.

தலைவரின் மகள் முதல் உயரத்திலேயே மூன்று முறையும் கம்பைத் தட்டிவிட்டாள். அன்றைக்கு முதலாவதாக வந்தவள் தாண்டியது ஒரு மீட்டர் நாற்பது. நெட்டை பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். வரும் வழியில் விசிலம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாதக் கடைசியில் என் கடிதம் வந்தது. அதை வாங்கிய கையைக் கழுவ வேண்டும் போல் இருந்தது. நெட்டை பத்தாவது முடித்து, பள்ளியை விட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் தலைமை சிஸ்டர் கேட்பதற்கு முன்பே விசிலம்மா விளையாட்டு விழா முடிவுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். முப்பத்தோரு போட்டிக்கும், முதல் மூன்று இடம், நேரம், தூரம், உயரம் எல்லாம் போட்டு. "இனிமே ஓட வேண்டியதுகூட இல்ல சிஸ்டர். வெயிலாவது மிச்சம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிஸ்டருக்கோ ஒரே சந்தோஷம். "எல்லா வருஷமும் இப்படிக் கொடுத்திருந்தா எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்" என்று அணி நிறங்களை மட்டும் விரல் வைத்துச் சரிபார்த்தார். சிவப்பின் முறை, சரியாகத்தான் இருந்தது.

"ஃபேர் காப்பி மிஸ்தான் எழுதணும். அவங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும்" என்று விசிலம்மா தாள்களை என்னிடம் தள்ளினார்.

ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து எழுதினேன். பதினேழாவது போட்டி, உயரம் தாண்டுதல். முதலிடம்: நெட்டையின் முழுப்பெயர். ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு. பேனாவை எடுத்துவிட்டு அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தேன். சிஸ்டரைக் கேட்கவில்லை. சான்றிதழ் எழுதுகிற சிஸ்டருக்குப் பிள்ளைகள் முகம் தெரியாது. வந்த பெயரையும் உயரத்தையும் தங்க மையில் எழுதிவிட்டார்.

விழாவில் ஒலிபெருக்கி அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிட்டது. முதல் படி காலியாக இருந்தது. ஆயர் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிள்ளைகள் வரிசையில் முதலில் ஒரு சலசலப்பு, பிறகு பெரிய வகுப்புகள் கைதட்ட ஆரம்பித்தன. நிறுத்தவே இல்லை. தலைமை சிஸ்டர் முகத்தில் சிரிப்பு மாறாமல் என் பக்கம் சாய்ந்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சிஸ்டர். போன வருஷம் பேர் மாறிப்போச்சு. திருத்திட்டேன்."

ஆயர் பக்கத்தில் இருந்ததால் சிஸ்டர் அதே சிரிப்போடு நிமிர்ந்துகொண்டார். அடுத்த பெயரை வாசிக்கச் சொன்னார். என் வேலை நிரந்தரமாகிவிட்டதால் வந்த தைரியம் இது என்று எனக்கே தெரியும். இதில் பெருமைப்பட ஒரு மண்ணும் இல்லை.

விழா முடிந்ததும் விசிலம்மா மேஜையில் கிடந்த அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டார். "வாங்க, நீங்களும்தான் வரணும்" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொந்தமாகப் பேசியது அதுதான்.

இஸ்திரிக் கடையில் நெட்டை நின்று ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துச் சான்றிதழை வாங்கினாள். மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். எண்ணுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"மிஸ், நாப்பத்தஞ்சு" என்றாள் என்னைப் பார்த்து. "நீங்க பார்த்தீங்கல்ல. அன்னைக்கு நாப்பத்தஞ்சு தாண்டினேன்."

"பார்த்தேன்" என்றேன்.

அவள் அதைத் தேய்த்து அடுக்கிய துணிகளின் மேல் வைத்துவிட்டு, சட்டையின் மறு கையை விரித்துப் போட்டாள்.