வரிசையின் அடியில் கிடந்த பட்டியல்

என் வீட்டுக் கணினியில் எதையாவது தரவிறக்கி முடிந்ததும் திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, வேலை முடிந்தது என்று சொல்லும். வாசிப்பதற்கு முன்பே அதை மூடிவிடுவேன். "உம்மாக்கு அந்தப் பெட்டியோட என்ன கோவம்?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். கோபமில்லை, அருவருப்பு. அதைக் காணும்போதெல்லாம் சுனாமிக்கு அடுத்த வருடம் நான் வேலைசெய்த அலுவலகமும் அங்கிருந்த பொறுப்பதிகாரியும் நினைவுக்கு வரும்.

அது கல்முனையில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய நிவாரண அலுவலகம். நான் தட்டச்சு செய்பவள். எங்கள் பொறுப்பதிகாரியை, சார் என்பதை எங்கள் பக்கம் சொல்கிறபடி, சேர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, நம்மூரில் பிறந்து வளர்ந்தவர். ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு, அதன் வழியாகத்தான் இணையமும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இணைப்பு அறுந்துபோகும், பாதி இறங்கியதெல்லாம் வீணாகும். அப்போதுதான் சேர் ஒரு சீடியைக் கொண்டுவந்து தரவிறக்க மென்பொருள் ஒன்றை நிறுவினார். இணைப்பு அறுந்தால் அது தானாகவே மறுபடி டயல் பண்ணி, விட்ட இடத்திலிருந்து தொடரும். இறக்க வேண்டியவற்றை வரிசையாக அடுக்கி வைக்கலாம். கீழே கிடப்பதை மவுஸால் பிடித்து மேலே இழுத்துவிட்டால் அது முதலில் இறங்கும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். கெட்டிக்கார மனிதர் என்று அன்றைக்கு உண்மையாகவே வியந்தேன். அந்த வியப்பை நினைத்தாலும் இப்போது கூசுகிறது.

அந்த வரிசையில் அவர் அடுக்கியது அமெரிக்க மல்யுத்தம். எண்ணெய் பூசிய தடியர்கள் ஒருவரையொருவர் தூக்கிப் போடுகிற காட்சிகள். ஒவ்வொன்றும் இறங்க ஒரு நாளோ ஒன்றரை நாளோ பிடிக்கும். வெளியே கேற்றடியில் வீடிழந்த சனம் வெயிலில் நிற்கும். உள்ளே மின்விசிறிக்குக் கீழே சேர் கடலை கொறித்துக்கொண்டு, எவ்வளவு இறங்கியது என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் நகர்வதைப் பார்த்திருப்பார்.

ஒருநாள் தலைமை அலுவலகம் வீட்டுப் பயனாளிகளின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் போட்டது. அதை இறக்கி, அச்சடித்து, கேற்றில் ஒட்ட வேண்டியது எங்கள் வேலை. பெயர் விடுபட்டவர்கள் பத்து நாட்களுக்குள் முறையிட வேண்டும். ஒன்றரை மணித்தியாலத்தில் இறங்கக்கூடிய கோப்பு. சேர் அதைத் தன் மல்யுத்தக்காரர்களுக்கெல்லாம் கீழே, வரிசையின் அடியில் போட்டார்.

பாண்டிருப்பிலிருந்து ஒரு அக்கா தினமும் வருவார். கடல் அவருடைய புருஷனையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது. அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. வீட்டுப் பதிவு புருஷன் பெயரில் இருந்ததால் தன் பெயர் விடுபட்டுப் போகுமோ என்று பயந்து, கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி ஷொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். பட்டியல் வந்து, பெயர் இல்லாவிட்டால், அந்தக் கடிதத்தைக் கொடுத்தால் போதும்.

"லிஸ்ட் இன்னும் வரல்லயாகா தங்கச்சி?"

"இன்னும் வரல்ல அக்கா" என்பேன், திரையைப் பார்த்துக்கொண்டே. பொய்யில்லை. வரவில்லைதான்.

மூன்றாம் நாள், சேர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பட்டியலைப் பிடித்து மேலே இழுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து கண்டதும் முகம் சுண்டிப்போயிற்று. "மிஸ், நான் அடுக்கின ஒழுங்க மாத்த வேணாம். இடையில நிப்பாட்டினா அது முதல்ல இருந்தெல்லுவா இறங்கும்" என்று பழையபடி கீழே தள்ளினார். விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று எனக்குப் படிப்பித்த அதே வாய். வாப்பாவின் வள்ளம் கடலோடு போய், வீட்டில் எனக்கு மட்டுந்தான் தொழில் இருந்தது. அதன்பிறகு அந்த வரிசையை நான் தொடவேயில்லை.

பட்டியல் பன்னிரண்டாம் நாள் இறங்கியது. அக்காவின் பெயர் இல்லை. கடிதத்தை நீட்டினார். காலம் முடிந்துவிட்டது என்றார் சேர். "கொழும்பில இருந்தே லேட்டாத்தான் அனுப்பினாங்க, நாங்க என்ன செய்யிற?" என்று உச்சுக் கொட்டினார். அக்கா அதை அப்படியே நம்பினார். இரண்டு நாள் கழித்து, எங்களுக்காகப் பாடுபட்டீர்களே என்று கீரிக் கருவாட்டுப் பொதி ஒன்றைச் சேரிடம் கொடுத்தார். அதையும் வாங்கி மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார் மனிதர். அன்று முழுக்க அறையில் கருவாட்டு மணம். அவர் படம் பார்த்தார்.

போர் முடிந்த வருடம் சேரிடமிருந்து ஒரு போன் வந்தது. அதற்குள் அவர் பெரிய பதவிக்கு ஏறி, வவுனியா முகாம்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ், அந்த டவுன்லோட் சீடி உங்கட்ட இரிக்கா? இஞ்சயும் ஒரு லைன்தான் தந்திரிக்காங்க. சனம் லிஸ்ட் லிஸ்ட்டெண்டு உசிர வாங்குது."

சீடி என் மேசை லாச்சியைத் திறந்தால் அங்கேதான் இருந்தது. இல்லை என்றேன். போனை வைத்துவிட்டு அதை முறித்துக் குப்பையில் போட்டேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை, வேறு யாரிடமாவது வாங்கியிருப்பார். ஆனால் வாயில் ஊறிய கசப்பு போகவில்லை. மறுநாள் பாண்டிருப்புக்குப் போனேன். அக்கா தம்பி வீட்டுப் பின்பக்கத்தில் தகரச் சாய்ப்பு இறக்கி, அதற்குள் இருந்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத மேல எடுத்து வைக்க உங்களுக்குத் தெரியுமா தங்கச்சி?"

"தெரியும் அக்கா. ஒரு தடவ வச்சன். அவர் திரும்பக் கீழ போட்டார்."

"பொறகு?"

"பொறகு நான் தொடல்ல."

"கஷ்டமான வேலையா?"

இல்லை என்று தலையாட்டி, மவுஸை இழுப்பதுபோல் விரலை மடியில் சற்று நகர்த்திக் காட்டினேன். அவ்வளவுதான். அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி அடுப்பை மூட்டினார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். சேர் கருவாட்டை வாங்கியதுபோலவே நானும் அந்தத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன்.

இப்போது என் வீட்டில் வரிசையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கேட்டது கேட்டவுடன் இறங்குகிறது, மூலையில் பெட்டி எழும்புகிறது. அதை மூடுவதும் அதே விரல்தான்.