எஸ்.டி.டி. பூத்தில் பேசாமல் நின்றவர்கள்

போன வாரம் நண்பனோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தபோது, சொல்ல வந்த பெயர் ஞாபகத்துக்கு வராமல் சற்றே நிறுத்தினேன். அவ்வளவுதான். "ஹலோ, லைன்ல இருக்கியா? சிக்னல் போயிருச்சாட்ட இருக்குது" என்று கட் பண்ணிவிட்டான். கோபமாக வந்தது. மனிதன் கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?

பேச்சு நடுவே நிற்பவர்களைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், படிப்பை முடித்தும் உருப்படியாக வேலை எதுவும் அமையாமல், அருள்புரத்தில் மாமாவின் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு மதியம் பனியன் கம்பெனிகள் விட்டதும் கூட்டம் வரும். புதுத் துணியும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனையும் கூடவே உள்ளே வரும். இன்றைக்கும் புதுப் பனியனைப் பிரித்தால் எங்கோ போன் அடிப்பது போலிருக்கும் எனக்கு.

எங்கள் பக்கத்து ஆட்கள் "அதுங்க... வந்துங்க..." என்று இழுப்பார்கள். தெற்கத்திக்காரர்கள் சரசரவென்று பேசிவிட்டு, "பெறவு?" என்பார்கள். எதிர்முனையிலும் "பெறவு?" தான் போலும். சொல்ல ஒன்றும் இருக்காது. வைக்கவும் மனம் வராது. மீட்டர் பாட்டுக்கு ஓடும்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த டெய்லர் ஜெயா அக்கா இதில் தனி ரகம். சின்ன மகனைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் தைக்க வந்தவர். ஊரில் பக்கத்து வீட்டு போனுக்கு அடித்து, பையனைக் கூட்டிவரச் சொல்லி வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி அடிப்பார். பையன் ரிசீவரை வாங்குவான்; பேச மாட்டான். விட்டுவிட்டுப் போன கோபம். பூத்தின் கதவு சரியாகச் சாத்தாது என்பதால் அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும்.

"எய்யா, சாப்ட்டியா? ...ம்? ...அம்மாட்ட ஒரு வார்த்த பேசுய்யா."

பிறகு அவரும் சும்மா நிற்பார். "அவன் மூச்சு விடுதது கேக்குல்லா தம்பி, அது போதும்" என்பார் வெளியே வந்து. போதவில்லை என்று முகத்திலேயே தெரியும்.

வரிசையில் நிற்பவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள். "ஏனுங்க, பேசறதுன்னா பேசுங்க, இல்லீன்னா வெச்சுட்டு வாங்க."

ஒரு ஞாயிறு, "எய்யா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பேசிட்டான். எப்பம்மா வருவன்னு கேக்கான்."

மறுபடி காதில் வைத்தார். வாய் திறக்கிறது, மூடுகிறது, குரல் வரவில்லை. இத்தனை நாள் மகன் பேசாமல் இருந்தான், இப்போது அம்மாவால் முடியவில்லை. வழக்கமாகக் கண்ணாடியைத் தட்டுகிற மீசைக்காரர் பின்னால் திரும்பி, "ஆரும் அவசரப்படுத்தாதீங்க. அந்தம்மா மெதுவாச் சொல்லட்டும்" என்றார். ஒருவரும் அசையவில்லை.

"வாரேன்யா" என்றார் அக்கா, கடைசியில்.

அன்றைக்கே பஸ் ஏறிவிட்டதாக அவரோடு தைத்த பெண் பிறகு சொன்னாள். திரும்பி வரவில்லை.

பூத் இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. நல்லதுதான், பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்க யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஒருத்திக்கு வார்த்தை வரும்வரை முன்பின் தெரியாத அத்தனை பேர் வெயிலில் வாய் திறக்காமல் நின்றார்கள் என்றால், என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள்.