மூன்றாம் கார்பன் பிரதி

கணினியில் புது எழுத்துரு எதைக் கண்டாலும் முதலில் 3, 8 இரண்டையும் அருகருகே அடித்துப் பார்ப்பேன். அப்புறம்தான் 1, 7. பிறகு சுழியமும் ஆங்கில ஓவும். மூன்றின் வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். கொஞ்சம் மூட வருகிறது என்றாலும் அந்த எழுத்துரு எனக்கு ஆகாது. நேற்று என் மகள், "ஏம்மா, மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குற?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். காரணத்தை உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், போடியில் ஓர் ஏலத்தோட்ட அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். தட்டச்சுத் தேர்வில் ஹையர் பாஸ் செய்துவிட்ட கர்வத்தில் தரையில் கால் பாவாத வயது. உள்ளே நுழைந்தாலே மூட்டை அடுக்கும் பக்கத்துக் கிட்டங்கியின் ஏலக்காய் மணமும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து வரும். மண்ணெண்ணெய் என் தட்டச்சு இயந்திரத்துக்கு. ரிப்பன் மை அச்செழுத்துகளின் இடுக்கில் அடைந்துகொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, குண்டூசியால் குத்தி எடுக்க வேண்டும். நகமெல்லாம் கறுத்துப்போகும் என்பதால் எனக்கு அந்த வேலையே பிடிக்காது.

தினமும் சாயங்காலம் ஒரு தாள் அடிப்பேன். தோட்டத்தை எண் போட்டுப் பிரித்த பிளாட்டுகளில் எதில் பூச்சிமருந்து அடித்திருக்கிறது, எங்கே யாரும் இறங்கக் கூடாது என்ற விவரம். மூன்று பிரதி. பளிச்சென்ற அசல் கோப்புக்கு, இரண்டாவது மேனேஜருக்கு. மங்கலான மூன்றாம் கார்பன் பிரதிதான் விடியற்காலை ஜீப்பில் மலைக்குப் போகும். யாருமே புரட்டாத கோப்புக்கு நல்ல தாள். பெண்களைக் காட்டுக்குள் இறக்கும் கங்காணி மாயாண்டிக்குக் கலங்கல் தாள்! ஏன் இப்படி என்று நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

எங்கள் தெரு ராக்கு அக்காவும் அந்த ஜீப்பில்தான் காய் எடுக்கப் போவாள். "ஏத்தா, ஒன் தாளு வந்தாத்தேன் எங்களுக்குச் சோலி" என்று என்னைக் கேலி செய்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இயந்திரத்தைத் துடைக்காமல் சினிமாவுக்கு ஓடிவிட்டேன். அடுத்த வாரம் ஒருநாள் காலை பத்து மணிக்கு, மேனேஜரின் பிரதியை மேசையில் வைக்கும்போதுதான் கவனித்தேன். அசலில் எப்படியோ மூன்றாகத் தெரிந்த எண், கார்பனில் வாய் அடைத்து எட்டாக நின்றது. இதுவே இப்படி என்றால் மலைக்குப் போனது? எட்டை விட்டுவிட்டு, மருந்தடித்த மூன்றாம் பிளாட்டிலேயே இறங்கியிருப்பார்கள். தோட்டத்தில் தொலைபேசி கிடையாது. மேனேஜரிடம் சொன்னால் வேறு ஜீப்பு அனுப்புவார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் நா எழவில்லை. வாடை வந்தால் அவர்களே பிளாட்டை விட்டு வெளியே வந்துவிடுவார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்த மலையில் எந்நேரமும் மருந்து வாடைதான்.

பொழுதுசாய வரவேண்டிய ஜீப்பு இரண்டு மணிக்கே வந்தது. பெண்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். ராக்கு அக்காவின் வாயில் நுரை தள்ளியிருந்தது.

மேனேஜர் கோப்பைத் திறந்தார். "மூணுன்னு தெளிவாத்தான்யா இருக்கு. எங்க ஒன் தாளு?"

"காட்டுல வுழுந்துருச்சு சார். எட்டுன்னுதேன் இருந்துச்சு." மாயாண்டி என் பக்கம் திரும்பினார். "தாயி, நீயாச்சும் சொல்லு."

நான் இயந்திரத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

ராக்கு அக்கா பிழைத்தாள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. மறுபடி காய் எடுக்கவும் முடியவில்லை. பார்க்கப் போகும்போதெல்லாம், "அந்த மாயாண்டி நல்லா இருப்பானா?" என்று என்னிடமே மண்ணை வாரித் தூற்றுவாள். நான் காப்பித் தம்ளரை அவள் வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த அலுவலகம் இடிந்தது. கிட்டங்கி இருந்த இடத்தில் செல்போன் கடை. வேலை போன மாயாண்டி குடும்பத்தோடு மலைக்கு அந்தப்பக்கம் போனாராம், அங்கேயே செத்தாராம். தப்பு என்னுடையதுதான் என்று இப்போது சொல்லத் தைரியம் வந்துவிட்டது. கேட்க வேண்டிய இருவரும்தான் இல்லை.