பேனாவைப் பாஸ் செய்த மெஷின்

1. சாதனை வாரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டி பிரேக்கில் போடும் இரும்புப் பின்களைக் கடைந்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் குவாலிட்டி பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் முழுக்க ஒரு பின்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. உலகத்தில் எந்த லேத் பட்டறையும் காணாத அதிசயம். பிளான்ட் மேனேஜர் ரகுராமன் ஸ்வீட் பாக்ஸ் வரவழைத்தார். வாட்ஸ்அப் குரூப்பில் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார்.

எல்லாம் புதிதாக வந்த செக்கிங் மெஷினின் மகிமை. பின்னின் விட்டம் 11.98 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 12.02-ஐத் தாண்டக் கூடாது. சரியாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. புரோகிராம் எழுதியவள் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் திவ்யா. இன்னும் புரொபேஷன் முடியாதவள்.

ஆபரேட்டர் ஏழுமலைக்கு ஒரே பெருமை. "சூப்பர் மெஷின் மேடம். சேப்பு லைட்டு பூட்ச்சான்னு கயட்டிக்கூட பாத்துட்டேன், நல்லாத்தான் கீது."

சிவப்பு விளக்கு கெட்டுவிட்டதோ என்று கழற்றிப் பார்க்கும் அளவுக்கு அது ஒரு வாரமாக எரியவே இல்லை. கையிலிருந்த பால்பாயின்ட் பேனாவை மெஷினில் வைத்தேன். பச்சை எரிந்தது.

2. லாரி

அந்த வாரச் சரக்கு முழுவதும் அப்போதுதான் லாரி ஏறிப் போயிருந்தது. மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"சார், லாரியைத் திருப்பணும். மெஷின் எதை வச்சாலும் பாஸ் பண்ணுது."

"மேடம், நாளைக்கு டைரக்டர் வர்றார். லாரியை நிறுத்தினா கஸ்டமரோட லைன் நின்னுடும்."

"நிறுத்தலைன்னா ரோட்டுல வண்டி நிக்காது சார்."

அவர் அதை மீட்டிங்கில் பேசலாம் என்றார். மீட்டிங்கைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம். நான் டிரைவருக்கே போன் போட்டேன். பூந்தமல்லி டிராஃபிக்கில் மாட்டியிருந்தார். அந்த டிராஃபிக்கை நான் வாழ்த்தியது அந்த ஒருமுறைதான்.

3. ரெண்டும்தாம்மா

லாரி திரும்பியது. விட்டம் அளக்கும் கேஜ் வைத்துக் கையாலேயே பிரித்ததில் மெலிந்த பின்கள் ஒரு தட்டு நிறையச் சேர்ந்தன. ரகுராமன் உடனே பொறுப்பேற்றார், அதாவது பழியைத் திவ்யாவிடம் ஒப்படைத்தார்.

"இந்தப் பொண்ணை இன்னிக்கே அனுப்பிடுங்க."

திவ்யாவின் கண் கலங்கிவிட்டது. "சார் சொன்னதைத்தான் மேடம் எழுதினேன்."

"என்ன சொன்னார், அப்படியே சொல்லு."

"'11.98-க்குக் கம்மியாவும் 12.02-க்கு அதிகமாவும் இருக்கிறதைத் தள்ளிடு'ன்னார். ரெண்டும் இருக்கணுமா சார்னு கேட்டேன். 'ரெண்டும்தாம்மா, ஒண்ணுகூட விடாதே'ன்னார்."

அதனால் நடுவில் AND போட்டிருக்கிறாள். ஒரே பின் 11.98-க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும், 12.02-க்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் மெஷின் தள்ளும். அப்படி ஒரு பின்னைக் கடைய இன்னும் யாரும் பிறக்கவில்லை. மேனேஜர் சொன்னது இரண்டு வகைப் பின்களை. மெஷின் தேடியது ஒரே பின்னில் இரண்டு குறைகளை. அங்கே வேண்டியது OR, அதாவது இரண்டில் ஏதாவது ஒரு குறை இருந்தாலே தள்ளு என்பது.

"தமிழ்ல சரியாத்தானே சொன்னேன்!" என்றார் ரகுராமன்.

"தமிழ் சரி சார். மெஷினுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கேள்விக்கு நீங்க ஒரு நிமிஷம் நின்னு பதில் சொல்லியிருந்தா போதும். அவளை அனுப்பணும்னா, என் ராஜினாமாவையும் சேர்த்து வாங்கிக்குங்க."

என் ராஜினாமாவை வாங்கினால் டைரக்டருக்கு யார் விளக்கம் சொல்வது? ரகுராமன் வாங்கவில்லை.

4. மேனேஜரின் திருத்தம்

மறுநாள் அவர் ஒரு ஞானத்தோடு வந்தார். "இனிமே எல்லா இடத்துலயும் OR போட்டுடும்மா. பிரச்சினையே வராது."

திவ்யா எழுந்து வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டு, அதில் 11.98, 12.02 என்று இரண்டு புள்ளி வைத்தாள். "பாஸ் பண்ற கண்டிஷன்ல போடக் கூடாது சார். '11.98-க்குக் குறையாமல் அல்லது 12.02-க்கு மிகாமல்'னு எழுதினா 5 மில்லிமீட்டர் பின்னும் பாஸ், 50-ம் பாஸ். ஏதாவது ஒரு பக்கம் சரியா இருந்தாலே போதும்னு ஆயிடும். அங்கே ரெண்டும் சரியா இருக்கணும், AND-தான் வேணும்."

ரகுராமன் பலகையில் இருந்ததைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். பிறகு, "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மேலதிகாரி வாயால் சொன்னதைப் புரோகிராமாக எழுதியதும், அதற்குள் சரியான பின் ஒன்று, மெலிந்தது ஒன்று, பருத்தது ஒன்று போட்டுப் பாருங்கள். மூன்றும் பாஸ் ஆனால் கொண்டாடாதீர்கள். உங்கள் புரோகிராம் எதையுமே சோதிக்கவில்லை என்று அர்த்தம்.